மணி என்ன ஆச்சு?

1

பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் சேரப் பணம் இல்லாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் 45 நாள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடை பெயர் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். அந்த மாதிரி கடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

காலையில் உள்ளே போகும்போதே செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். துணிப்பையில் போட்டு, டோக்கன் கட்டி, ராக்கில் வைத்துவிடுவார்கள். வாட்சும் கூடாது. பட்டுச் சேலையில் மாட்டி நூலை இழுத்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். எனக்கு மூன்றாவது மாடி. அந்த மாடியில் ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி இல்லாத இடத்தில் கண்ணாடி, மேலே கண் கூசுகிற விளக்கு. காலை பத்து மணிக்கு என்ன வெளிச்சமோ அதே வெளிச்சம்தான் ராத்திரி பத்து மணிக்கும்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: “மணி என்ன தம்பி ஆச்சு?”

“தெரியலைங்கம்மா.”

அவர் சிரித்துவிட்டார். “கடையில வேலை பாக்குற, மணி தெரியாதா?”

நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பெரிய தளத்தில் ஒரு கடிகாரம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் எப்படி மணி பார்க்கிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தேன். மாடி மெஸ்ஸில் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தால் பதினொன்றரை. பள்ளி யூனிஃபார்மோடு பிள்ளைகள் வந்தால் ஐந்து தாண்டிவிட்டது. குதிகால் வலி முழங்காலுக்கு ஏறினால் ஏழு.

எங்கள் தளத்தில் ஓர் அக்கா இருந்தார். யூனிஃபார்ம் கோட் பாக்கெட்டின் உட்புறம் ஒரு சின்ன லேடீஸ் வாட்சை ஊக்கால் குத்தி வைத்திருந்தார். யாராவது புருவத்தைத் தூக்கினால், பாக்கெட்டில் கையை விட்டுவிட்டு எடுப்பார். மடித்து வைத்த சேலை மேல் மூன்று விரல் வைத்தால் மணி மூன்று. விரலை மடக்கிக் காட்டினால் ‘அரை’ என்று அர்த்தம். அந்தத் தளத்தின் மணிக்கூண்டு அவர்தான்.

மதியச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். சீசனில் சாப்பாட்டு வரிசையிலேயே பாதி போய்விடும். ஒருநாள் சாப்பிட்டு உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் வந்து, “நேரமாச்சு, எறங்குங்க எறங்குங்க” என்றார். எல்லாரும் எழுந்தோம். அக்கா எழவில்லை. வாட்சை வெளியே எடுத்து அவர் முன்னால் நீட்டி, “இன்னும் இருபது நிமிஷம் இருக்கே அண்ணாச்சி” என்றார். அவர் வாட்சைப் பார்த்தார். தன் கையையும் பார்த்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் இருபது நிமிஷம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம்.

மூன்று நாள் கழித்து எல்லாருடைய கோட்டையும் சோதனை போட்டார்கள். வாட்சை வாங்கிக்கொண்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. “சீசன் முடிஞ்சு வாங்கிக்கம்மா” என்றார்கள், அவ்வளவுதான்.

2

கடைகளிலும் பொது இடங்களிலும் கடிகாரங்கள் காணாமல் போனதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ‘அதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே?’ பதில் சரிதான், ஆனால் பாதிதான். அதில் ‘எல்லார்’ என்கிற சொல்லைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால், பொதுக் கடிகாரம் என்று ஒன்று எதற்கு இருந்தது, யாருக்காக இருந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

தமிழில் நேரத்தைக் கேட்க ‘மணி என்ன?’ என்கிறோம். யாழ்ப்பாணத்தில் கடிகாரத்தின் பெயரே மணிக்கூடு. ஆக, நம் மொழியில் நேரம் என்பது முதலில் காதில் விழுந்த ஒன்று. யாரோ அடிக்க, ஊரே கேட்டது. அதற்கும் முன்னால் நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனிடம், நீர் வட்டிலைப் பார்த்து இத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்ல ஆட்கள் வருகிறார்கள். நேரத்தை அளப்பது ஒரு வேலை, அதைப் போய்ச் சொல்வதும் ஒரு வேலை. அங்கே நேரம் சொல்லப்படுவது அரசனுக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷார் காலத்தில் அது ஊருக்குச் சொல்லப்பட்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வு மையம் அமைத்தது. அங்கே கணித்த நேரம்தான் ‘மெட்ராஸ் நேரம்’. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால். இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிஷம் பின்னால். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவின் ரயில்கள் பெரும்பாலும் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1இல் ‘இந்திய நேரம்’ வந்தபோது அதை எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. அந்த மாதமே பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டுக் கல்லெறிந்தார்கள். கடிகாரத்தைத் திருத்தினால் விடிவதற்கு முன்னாலேயே ஆலைக்குள் நிற்க வேண்டிவரும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

மணிக்கூண்டுகளும் இப்படித்தான். நாகர்கோவிலில் மணிமேடை எழுந்தது 1890களில், திருவிதாங்கூர் மன்னர் காலத்தில். யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாகக் கட்டப்பட்டது. அதிகாரம் தன் பெயரைக் கல்லில் வெட்டி, உச்சியில் ஒரு கடிகாரத்தையும் வைத்தது. ‘நேரம் எங்களுடையது, நீங்கள் வந்து சேருங்கள்’ என்பதுதான் அந்தக் கோபுரங்கள் சொன்ன செய்தி. மில் சங்கும் நகராட்சிச் சங்கும் சொன்னது அதையேதான். ஆகவே மணிக்கூண்டைப் பார்த்து ‘ஆஹா, அந்தக் காலம்!’ என்று உருகுகிற கட்டுரை இல்லை இது. கடிகாரம் நம்மை வேலைக்கு ஓட்டுவதற்காக வந்த சாமான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உச்சியில் ஏற்றி வைத்த கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதை எல்லாரும் பார்க்கலாம். எட்டு மணிக்கு வா என்று சொல்ல அதைக் காட்டினால், ஐந்து ஆயிற்று, போகிறேன் என்று சொல்லவும் அதையே காட்டலாம். சங்கு ஊதினால் தொழிலாளி உள்ளே போக வேண்டும். சங்கு ஊதினால் முதலாளி கதவைத் திறக்கவும் வேண்டும். வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருப்பார்களா தெரியாது. ஆனால் எட்டு மணி நேர வேலை என்கிற கோரிக்கை உலகம் முழுக்க எழுந்தது, கடிகாரத்தை இப்படித் திருப்பிக் காட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான்.

3

கோபுரத்துக் கடிகாரத்துக்கும் கையில் இருக்கும் போனுக்கும் நடுவில் இன்னொரு காலம் இருந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கடைச் சுவர்க் கடிகாரத்தின் காலம்.

டீக்கடை, சைக்கிள் கடை, ரேஷன் கடை, கூட்டுறவு வங்கி, மருந்துக்கடை என்று எதற்குள் எட்டிப் பார்த்தாலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் தொங்கும். சலூனில் அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணாடியில் தலைகீழாக ஓடும். இடம் வலம் மாற்றி மணி படிக்க நான் கற்றுக்கொண்டது, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில்தான். எங்கள் ஊர் டீக்கடைக் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடும். “முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவன் இங்கதான் டீ குடிக்கிறான், அவன் பஸ்ஸை விட்டுறக் கூடாதுல்ல” என்பார் கடைக்காரர்.

ஒரு காலத்தில் கைக்கடிகாரம் என்பதே கனவு. பெங்களூரில் எச்எம்டி 1961இல் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த பிறகும், அது கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போடுகிற பொருளாகத்தான் ரொம்ப காலம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைச் சாதாரணமாக்கியது குவார்ட்ஸும் குஜராத்தின் மோர்பி நகரமும். மோர்பியில் செய்த மலிவான பிளாஸ்டிக் கடிகாரம் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய்த் தொங்கியது. கல்யாணத்துக்கு என்ன மொய் எழுதுவது என்று தெரியாதவர்கள் கடிகாரம் வாங்கினார்கள். ஒரே கல்யாணத்தில் ஆறு கடிகாரம் வந்த வீடுகளை எனக்குத் தெரியும். மிச்சம் ஐந்தும் கடைக்கும் கோயிலுக்கும் சங்கக் கட்டடத்துக்கும் போகும். முகப்பில் ‘அன்பளிப்பு’ என்று போட்டுத் தாய்மாமன் பெயர் இருக்கும்.

அந்தக் கடிகாரங்களைக் கடைக்காரர் தனக்காகத்தான் மாட்டியிருப்பார். ஆனால் பார்த்தது தெரு. நடந்து போகிறவர் கடை வாசலில் கொஞ்சம் குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மணி தெரிந்துகொண்டு போய்விடுவார். ஒன்றும் வாங்க வேண்டாம், கேட்கக்கூட வேண்டாம். ஓசிப் பேப்பர் மாதிரி ஓசி மணி. ஒரு கடை தெருவுக்குச் சும்மா கொடுத்த பொருள்கள் என்று பட்டியல் போட்டால், பானைத் தண்ணீருக்கு அடுத்து கடிகாரம்தான் வரும்.

இன்றைக்கு அதே தெருவில் நடந்து பாருங்கள். கடிகாரம் ஒன்று பேட்டரி தீர்ந்து நின்றிருக்கும், அல்லது அந்த இடத்தில் விளம்பரத் திரை இருக்கும். பேட்டரி மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். ஆனாலும் மாற்றத் தோன்றாது, ஏனென்றால் மாற்ற வேண்டியவர் கையில் போன் இருக்கிறது. மணிக்கூண்டுகளில் பலதும் இப்படி நின்றே போய், இடத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மணிக்கூண்டு பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

4

இங்கேதான் எனக்கு அந்தப் பாதிப் பதிலோடு சண்டை. நேரம் கடைகளை விட்டுப் போய்விட்டதா? நான் வேலை பார்த்த கடையை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன்.

வாசலில் விரல் வைக்கிற எந்திரம். அதன் சின்னத் திரையில் மணி, நிமிஷம், விநாடி மூன்றும் ஓடும். 9:31 ஆனால் அரை நாள் சம்பளத்தில் பிடித்தம். கேஷ் கவுன்டரில் அடிக்கிற ஒவ்வொரு பில்லிலும் நேரம் அச்சாகும். மேனேஜர் அறையில் சிசிடிவி திரை இருந்தது. எங்கள் ஒவ்வொருவர் தலைக்கு மேலும், திரையின் மூலையில், விநாடி விநாடியாக நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைக்குள் நேரம் தாராளமாக இருந்தது. நாங்கள் பார்க்கிற மாதிரி இல்லை, எங்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அதனால்தான் ‘கடிகாரம் மறைந்துவிட்டது’ என்கிற வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. கடிகாரத்தின் முகத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். மணிக்கூண்டு நம்மை ஓட்டியது, ஆனால் முகத்தைக் காட்டி ஓட்டியது. இன்றைய கடிகாரம் முகம் காட்டாமலேயே ஓட்டுகிறது. உணவு கொண்டுவருகிற தம்பிக்கு ஆப்பில் எத்தனை நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், அதை யார், எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். “அதுவா வரும்ணே” என்பான்.

இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை, தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் கடிகார நேரம் எப்படி மனிதர்களின் உடம்புக்குள் இறங்கியது என்பதைப் பற்றியது. அதில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலை ஒன்றில் சிறுவனாக வேலை பார்த்தவரின் சாட்சியம் வருகிறது. காலையில் ஆலைக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னால் இழுத்து வைப்பார்கள். எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தொழிலாளி கையில் கடிகாரம் இருப்பதே ஆபத்து என்கிற நிலைமை. இதை நான் கல்லூரி நூலகத்தில் படித்தபோது, அக்காவின் கோட் பாக்கெட் ஞாபகத்துக்கு வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது. எங்கள் கடையில் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிற சிரமம்கூட இல்லை. மாட்டவே இல்லை என்றால் திருத்த வேண்டியதில்லையே.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் 1 மணி நேரம் ஓய்வு. இதில் உள்ள ஒவ்வொரு உரிமையும் எண்களால் ஆனது. எண்ணிப் பார்க்கக் கடிகாரம் இல்லாதவருக்கு இந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதி கொடுத்தது. கடைக்கு ராத்திரி பகல் என்பதே போய்விட்டது. உள்ளே நிற்பவருக்கு எட்டு மணி நேரம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை யார் சொல்வது?

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் வந்தபோது, பொழுதெல்லாம் நிற்கிற கால்களை நம்மில் பலர் முதல்முறையாகப் பார்த்தோம். ஜவுளிக்கடைக்குள் சேலையைத் தவிர வேறு ஒன்றும் இருக்கிறது என்பது தெரிந்தது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி உட்காரும் உரிமையை வாங்கினார்கள். 2021இல் தமிழ்நாடும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. பெரிய விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலி கேட்கத் தெரிந்த நமக்கு ஏன் கடிகாரம் கேட்கத் தோன்றவில்லை? வலிக்கிற கால் கண்ணுக்குத் தெரிகிறது. எடுத்துக்கொள்ளப்பட்ட இருபது நிமிஷம் தெரிவதில்லை.

5

இதற்கு நண்பர்களிடம் இரண்டு மறுப்புகள் கேட்டிருக்கிறேன்.

முதலாவது, “கடிகாரம் இல்லாம இருக்கிறது ஒரு விடுதலை இல்லையா?” இன்றைக்கு நம் மாதிரி ஆட்கள் மலைக்குப் போகிறோம், போனை அணைத்து வைக்கிறோம், இரண்டு நாள் மணியே பார்க்கவில்லை என்று திரும்பி வந்து பெருமையாக எழுதுகிறோம். அந்த ஆசை பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் நேரம் நம்முடையது. வேண்டாம் என்று நாமே தள்ளி வைத்தோம், வேண்டும் என்றால் எடுத்துக்கொள்வோம். ஜன்னல் இல்லாத மூன்றாவது மாடியிலும் நேரம் தெரியாமல்தான் நிற்கிறார்கள். அதை யாரும் விடுதலை என்று சொல்வதில்லை. வாங்க வந்தவருக்கு நேரம் மறந்து போகட்டும் என்று கட்டிய மாடி அது. அதே மாடியில் விற்கிறவரும் நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. “கடிகாரம் இருந்தா மட்டும் என்ன? அந்த அக்கா காட்டினாங்க, பிடுங்கிட்டாங்க. அதிகாரம் இருக்கிறவன் கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படுவானா?” உண்மை. ஆனால் பயப்படவில்லை என்றால் ஏன் பிடுங்கினார்கள்? அந்த வாட்ச் எங்களுக்குச் சம்பளம் கூட்டித் தரவில்லை. ஒரே ஒரு தடவை, இருபது நிமிஷம், எங்கள் பேச்சுக்கு ஒரு சாட்சி கொடுத்தது. ‘எனக்கு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருக்கு’ என்பது புலம்பல், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ‘மணி ஒன்று நாற்பது’ என்பதற்கு எதிரில் இருப்பவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம் அந்த ‘எல்லார்’. எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்று சொல்லும்போது நாம் யாரை நினைக்கிறோம்? வாசலில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற கடைப் பெண் அதில் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சார்ஜ் தீர்ந்த போனோடு உட்கார்ந்து, டாக்டர் வர இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கிறவர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் “மணி என்னப்பா?” என்று கேட்கிற பாட்டி இல்லை. முன்பெல்லாம் முன்பின் தெரியாதவரிடம் தயங்காமல் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அதுதான். இப்போது அந்தக் கேள்விக்குப் பாக்கெட்டிலிருந்து போனை எடுக்க வேண்டியிருக்கிறது. எடுப்பதற்கு முன்னால் கேட்டவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துக்கொள்கிறோம்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த நியாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. உங்களில் பலர் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். நீட் தேர்வு. வாட்ச் கட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. அதற்குப் பதிலாகத் தேர்வு அறையில் சுவர்க் கடிகாரம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னும் எத்தனை நிமிஷம் என்று தெரியாமல் ஒரு மாணவரைத் தேர்வு எழுதவைப்பது அநியாயம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையில் இருக்கிற நேரத்தை வாங்கிக்கொண்டால் சுவரில் ஒரு நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். அவ்வளவு எளிய நியாயம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைக்குப் பொருந்துகிற நியாயம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு ஏன் பொருந்தாது?

நான் கேட்பது மணிக்கூண்டு இல்லை. நின்றுபோன கோபுரங்களுக்கு வெள்ளையடித்து, கலர் விளக்குப் போட்டு, செல்ஃபி எடுக்க இடம் ஒதுக்குகிறார்கள். செய்யட்டும், ஓடினால் சந்தோஷம். நான் கேட்பது மோர்பியில் செய்த ஒரு பிளாஸ்டிக் கடிகாரம். போனை வாங்கி வைத்துக்கொள்கிற ஒவ்வொரு வேலை இடத்திலும், வேலை செய்கிறவர் நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி, பேட்டரியோடு. இருக்கைக்கு ஒரு பிரிவு எழுத முடிந்த சட்டத்தில் இதற்கு ஒரு வரி எழுதுவது கஷ்டமில்லை.

6

சீசன் முடிந்து கணக்குப் பார்த்த அன்றைக்கு அக்காவுக்கு வாட்ச் திரும்பக் கிடைத்தது. ஒன்றரை மாதப் பழக்கம், எல்லாரும் சுற்றி நின்று அதைப் பார்த்தோம். நின்றிருந்தது. “பேட்டரி போட்டா ஓடிரும்” என்று சொல்லி அவர் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அந்த மாதிரிக் கடைக்குப் போனால், துணி எடுத்து முடித்துக் கிளம்பும்போது ஒரு வேலை செய்கிறேன். போனைப் பார்த்துவிட்டு, எதிரில் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரி மணியைச் சொல்வேன். தனக்குத்தானே பேசிக்கொள்கிற ஆள் என்று சிலர் நினைப்பார்கள். பரவாயில்லை. போன வாரம் ஒரு கடையில், “ஏழே கால் ஆச்சு” என்றேன். சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். மடிப்பதை நிறுத்தவில்லை.

“அவ்வளவுதான் ஆச்சாண்ணே?” என்றாள்.